முப்பத்தேழு கட்டுப்பாடுகள்

அறிவிப்புப் பலகைகள் இயக்குநரகத்தில் எண்ணூற்றுப் பன்னிரண்டு பேர் வேலை பார்த்தார்கள். ‘புல்லை மிதிக்காதீர்’, ‘சுவரில் சாயாதீர்’, ‘கதவை மெல்லச் சாத்தவும்’ முதலிய வாசகங்களை முடிவு செய்வதும், எழுத்து எத்தனை அங்குல உயரம் இருக்கலாம் என்று நிர்ணயிப்பதும் அவர்கள் பணி. அதற்கு ஏழு மாடிகள் தேவைப்பட்டன.

அந்த எண்ணூற்றுப் பன்னிரண்டு பேரில் ஒரே ஒருத்திக்குத்தான் நிரல் எழுதத் தெரியும். அவளை எல்லோரும் பொத்தான் என்று கூப்பிட்டார்கள். எந்தத் திரையில் எதை அழுத்தினாலும் அதை அவள்தான் செய்து வைத்திருப்பாள் என்பதால் வந்த பெயர். முதலில் கோபித்துக்கொண்டாள். பிறகு பழகிவிட்டது. இப்போதெல்லாம் சொந்தப் பெயரைச் சொல்லி யாராவது கூப்பிட்டால்தான் என்னவோ ஏதோ என்று பதறுவாள்.

ஒருநாள் ஒரு சுற்றறிக்கை வந்தது. இனிமேல் யாரும் காகிதத்தில் விடுப்பு கேட்கக் கூடாது. அலுவலகத்தில் எல்லோரும் மின்னஞ்சலும் நாட்காட்டியும் பார்க்கிற மென்பொருள் ஒன்று இருந்தது. அதற்குள்ளேயே ஒரு விடுப்புப் படிவம் வரும். அதை நிரப்பி அனுப்பினால் மேலதிகாரி ஒப்புக்கொண்டதும் விடுப்பு தானாக நாட்காட்டியில் ஏறிக்கொள்ளும். படிவத்தைப் பொத்தான் செய்து தருவாள். புதிய படிவம் தயாராகும்வரை பழைய படிவம் செல்லாது.

கடைசி வாக்கியத்தை அவள் மூன்று முறை படித்தாள். அப்படியென்றால் அதுவரை யாருக்கும் விடுப்பு கிடையாது. சரி, இரண்டு நாள் வேலைதானே என்று உட்கார்ந்தாள். இரண்டே நாளில் முடித்தாள். பெயருக்கு ஒரு பெட்டி, தேதிக்கு இரண்டு, காரணத்தைத் தேர்ந்தெடுக்க ஒரு பட்டியல், குறிப்பு எழுத ஒரு பெட்டி, அனுப்ப ஒரு பொத்தான். அவ்வளவுதான். யார் வேண்டுமானாலும் அரை நிமிடத்தில் நிரப்பலாம்.

தவறு செய்தது எங்கே என்றால், அதைப் படிவக் குழுவின் முன் விளக்கப் போன இடத்தில்.

குழுவில் மூன்று பேர். ஒருவர் இயக்குநர். இன்னொருவர் சட்ட ஆலோசகர். கண்ணாடியை நெற்றியில் ஏற்றி வைத்துக்கொண்டே கண்ணாடியைத் தேடுகிற அம்மையார். மூன்றாமவர் பணியாளர் பிரிவுத் தலைவர். எதைச் சொன்னாலும் நோட்டில் எழுதிக்கொள்வார் என்பதால் அவருக்குக் குறிப்பு என்று பெயர்.

நிரல் எழுதுகிறவர்கள் படிவத்தில் இருக்கும் பெட்டி, பட்டியல், பொத்தான் எல்லாவற்றையும் கட்டுப்பாடு என்பார்கள். தொழில் பழக்கத்தில் அந்தச் சொல் அவள் வாயில் வந்துவிட்டது.

“மொத்தம் ஆறு கட்டுப்பாடு இருக்கு சார்.”

இயக்குநர் நிமிர்ந்து உட்கார்ந்தார். “ஆறா? எண்ணூறு பேருக்கு ஆறு கட்டுப்பாடு எப்படிம்மா போதும்?”

“இல்ல சார், கட்டுப்பாடுன்னா...”

“கட்டுப்பாடுன்னா என்னன்னு எனக்குத் தெரியாதா? முப்பது வருஷமா அதைத்தானே பலகையில எழுதி அனுப்பிக்கிட்டு இருக்கோம். நீங்க தயங்காதீங்க. எத்தனை வேணுமோ அத்தனை போடுங்க. துறை உங்களுக்குப் பின்னாடி நிக்கும்.”

“ஆறு போதாது என முடிவு செய்யப்பட்டது” என்று குறிப்பு எழுதிக்கொண்டார்.

அதன்பிறகு குழு வாரா வாரம் திங்கட்கிழமை கூடியது. ஒவ்வொரு திங்களும் படிவத்துக்கு இரண்டு மூன்று பெட்டிகள் கூடின. குறிப்பு எழுதும் பெட்டியைக் கட்டாயமாக்க வேண்டும் என்றார் பணியாளர் பிரிவுத் தலைவர். எழுத ஒன்றுமில்லாதவர்கள் என்ன செய்வார்கள் என்று அவள் கேட்டாள். ‘ஒன்றுமில்லை’ என்று எழுத வேண்டும் என்றார். ஏன் ஒன்றுமில்லை என்பதை விளக்க அதன் கீழே இன்னொரு பெட்டி வந்தது. அதுவும் கட்டாயம்.

காரணங்களின் பட்டியலுக்கு மட்டும் ஐந்து கூட்டங்கள் ஆயின. நோய் என்றால் யாருடைய நோய்? மரணம் என்றால் யாருடைய மரணம்? சட்ட ஆலோசகர் ஒவ்வொன்றாகப் பிரித்துக்கொண்டே வந்து, “ஊழியரின் சொந்த மரணம்” என்று ஒரு வரி சேர்க்கச் சொன்னார்.

பொத்தானுக்குத் தலை சுற்றியது. “மேடம், இறந்துபோனவங்க எப்படி மேடம் படிவத்தை நிரப்புவாங்க?”

“முன்கூட்டியேதான். இருபத்தொரு நாள் முன்னாடி விண்ணப்பிக்கணும்னு விதி இருக்கே. அதை எல்லாருக்கும் ஒரே மாதிரி அமல்படுத்தணும். செத்தவங்களுக்கு ஒரு நீதி, இருக்கறவங்களுக்கு ஒரு நீதின்னு வச்சா நாளைக்கு வழக்கு வரும்.”

திருமணத்தில் மூன்று வகைதான் ஒப்புக்கொண்டார்கள்: ஊழியரின் திருமணம், மகன் திருமணம், மகள் திருமணம்.

“கூடப்பிறந்தவங்க கல்யாணம் விட்டுப்போச்சே மேடம்?”

“அண்ணன், தம்பி, அக்கா, தங்கச்சி எல்லாம் ஒருத்தருக்கு எத்தனை பேர் இருப்பாங்கன்னு துறைக்கு எப்படித் தெரியும்? எண்ணிக்கை தெரியாததைப் பட்டியல்ல சேர்க்க முடியாது.”

“எனக்கு ஒரே தம்பிதான் மேடம்.”

“இப்போதைக்கு” என்றார் சட்ட ஆலோசகர். அவளுடைய அம்மாவுக்கு அப்போது அறுபத்தெட்டு வயது.

அவள் சும்மா கேட்கவில்லை. தம்பி லாரி ஓட்டுகிறவன். பதிவு அலுவலகத்தில் கல்யாணம் செய்துகொள்ளப் போகிறான். பெண்ணுக்கு இது இரண்டாம் கல்யாணம் என்று அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டுவிட்டாள். அம்மா திரும்பிக்கொண்டால் சித்தப்பா, அத்தை, மாமா எல்லோரும் அந்தப் பக்கமே திரும்பிக்கொள்கிற குடும்பம் அது. தம்பி வீட்டுச் சார்பில் வருவதற்கு மிச்சம் இருந்தது அக்கா ஒருத்திதான். சாட்சிக் கையெழுத்தும் அவள்தான் போட வேண்டும். சில மாதம் தள்ளி நாள் குறித்தாயிற்று. வியாழக்கிழமை, காலை பதினொரு மணி.

படிவமோ வளர்ந்துகொண்டே போனது. ‘சுயநினைவுடன் கேட்கிறேன்’ என்று ஒரு சின்னக் கட்டம். அதில் டிக் அடிக்க வேண்டும். இயக்குநர் அதைச் சோதித்துப் பார்க்கும்போது ஒன்றும் நடக்கவில்லை. அவள் விளக்கினாள்.

“இந்தக் கட்டம் உள்ளே ஒரு தகவலோட கட்டியிருக்கு சார். அப்படிக் கட்டிட்டா, தொட்டதை மென்பொருள் நமக்குச் சொல்லாது. மதிப்பு மாறினாத்தான் சொல்லும். அதுக்கு வேற மாதிரி நிரல் எழுதணும்.”

இயக்குநர் கண்ணை மூடிக் கேட்டார். “தொட்டாத் தெரியாது. மதிப்பு மாறினாத்தான் தெரியும். அடடா! என் ஊழியர்கள்கிட்ட நான் எதிர்பார்க்கறதும் இதைத்தாம்மா. நான் எவ்வளவு தொட்டாலும் அசையக் கூடாது. ஆனா என் மேல வச்சிருக்கற மதிப்பு மாறினா உடனே எனக்குத் தெரிஞ்சாகணும்.”

குறிப்பு பக்கத்தைத் திருப்பினார்.

இப்படியே நான்கு மாதம் ஓடியது. அந்த நான்கு மாதமும் எண்ணூற்றுப் பன்னிரண்டு பேரில் ஒருவருக்கும் விடுப்பு இல்லை. கணக்குப் பிரிவுக்காரர் கடைவாய்ப் பற்கள் இரண்டை மதிய இடைவேளையில் பிடுங்கிக்கொண்டு வந்து, பஞ்சைக் கடித்தபடி பிற்பகல் கோப்புகளைப் பார்த்தார். காய்ச்சல்காரர்களை எல்லாம் மூன்றாவது மாடியில் ஒன்றாக உட்கார வைத்தார்கள். பொத்தான் மின்தூக்கியில் ஏறினால் பேச்சு நின்றுவிடும். எல்லோரும் அவளையே பார்ப்பார்கள். “எப்பம்மா முடியும்?” என்று ஒரு தட்டச்சர் அழாக்குறையாகக் கேட்டார். அவருடைய மகளுக்குப் பேறுகாலம் நெருங்கியிருந்தது. “திங்கட்கிழமை கூடறாங்க” என்று மென்று விழுங்கினாள்.

கடைசித் திங்கட்கிழமைகளில் இயக்குநரின் பொத்தான் பற்றிய விவாதம் வந்தது.

“எனக்கு ஒவ்வொண்ணா ஒப்புதல் கொடுக்க நேரமில்ல. அனைத்தையும் ஏற்கிறேன்னு ஒரே ஒரு பொத்தான் வேணும்.”

“எவ்வளவு பெரிசு சார்?”

அவர் எழுந்து வந்து உள்ளங்கையைத் திரையில் விரித்து வைத்தார். “என் பதவிக்குத் தகுந்த மாதிரி.”

“அனைத்தும்னா, வந்திருக்கற விண்ணப்பங்கள் அனைத்தும். அப்படித்தானே சார்?”

சட்ட ஆலோசகர் குறுக்கிட்டார். “சொல்லுக்கு நாமா அர்த்தம் பண்ணக் கூடாது. நம்ம விதிப்புத்தகத்துல ‘அனைத்தும்’னா துறையின் ஊழியர் அனைவரையும் குறிக்கும்னு தெளிவா இருக்கு. அப்படியே எழுதுங்க. ஒரே ஒரு விதிவிலக்கு. யாரோட விண்ணப்பம் தனிப் பரிசீலனையில இருக்கோ, அவங்களுக்குப் பொருந்தாது. ஒரே ஆளுக்கு ரெண்டு முடிவு சொல்ல முடியாது.”

அவள் விடவில்லை. “மேடம், அப்படி எழுதினா, சார் ஒரு தடவை அழுத்தினார்னா, அந்த நேரத்துல எந்தத் தேதி திரையில இருக்கோ அந்தத் தேதியில ஊழியர் எல்லாருக்குமே விடுப்பு கிடைச்சிடும். குறைஞ்சபட்சம் ரத்து செய்யறதுக்காவது ஒரு பொத்தான் வைக்கணும்.”

இயக்குநரின் முகம் கறுத்தது.

“ரத்தா? இந்தத் துறை எடுத்த முடிவை ரத்து செய்யவா? துறை தப்பு பண்ணும்னு நீங்களே படிவத்துல எழுதிக் கொடுக்கறீங்களா? இருபது வருஷம் முன்னாடி ‘பலகையைப் படிக்காதீர்’னு ஒரு பலகை இங்கிருந்து போச்சு. அதைக்கூட நாங்க திரும்ப வாங்கலம்மா. இன்னிக்கும் நிக்குது. மக்கள் கௌரவமாப் படிச்சிட்டுப் போறாங்க.”

“நிரலாளரின் கவலை குறித்துக்கொள்ளப்பட்டது” என்று குறிப்பு எழுதினார். அவள் அதே கவலையை அடுத்த இரண்டு கூட்டங்களிலும் சொன்னாள். இரண்டு முறையும் குறித்துக்கொள்ளப்பட்டது.

முப்பத்தேழு கட்டுப்பாடுகளோடு படிவம் முடிந்தது. செவ்வாய்க்கிழமை தொடக்க விழா. காலை ஒன்பது மணிக்குப் படிவம் திறந்தவுடன் முதல் ஆளாக அவளே விண்ணப்பித்தாள். தம்பி கல்யாண நாளான வியாழக்கிழமைக்கு. இருபத்தொரு நாள் விதி முதல் வாரத்துக்கு மட்டும் தளர்த்தப்பட்டிருந்தது, விழாவில் காட்டுவதற்கு ஏதாவது ஒரு விண்ணப்பம் வேண்டும் என்பதால்.

காரணப் பட்டியலில் தம்பி இல்லை. “ஊழியரின் திருமணம்னு போட்டுடுங்களேன்” என்று யோசனை சொன்னார் பக்கத்து மேஜைக்காரர். போடலாம்தான். ஆனால் படிவம் போகிற இடமெல்லாம் அது போகும். கட்டிய கணவர் காதுக்கும் ஒருநாள் போகும். பொய் சொல்ல அவளுக்கு மனம் வரவில்லை. முப்பத்தாறாவது கட்டுப்பாடாக ஒரு சின்னக் கட்டம் இருந்தது: ‘மேற்கண்ட எதுவும் பொருந்தாது, தனிப் பரிசீலனை கோருகிறேன்.’ அதில் டிக் அடித்து அனுப்பினாள். தனிப் பரிசீலனைக்கு எத்தனை நாள் ஆகும் என்று குறிப்பைக் கேட்டாள்.

“கால வரம்பு வைக்கல. வச்சா அவசரப்படுத்தற மாதிரி ஆயிடும்.”

விழா பெரிய கூடத்தில் நடந்தது. துறையின் இதழுக்குப் புகைப்படம் எடுப்பவர் நாற்காலி மேல் ஏறி நின்றார். சுவரளவு திரையில் படிவம் தெரிந்தது; திறந்திருந்தது அவளுடைய விண்ணப்பம். இயக்குநர் நாற்பது நிமிடம் பேசினார். “கட்டுப்பாடு இல்லாத விடுப்பு, விடுப்பே அல்ல; அது ஓட்டம்” என்றபோது கைதட்டல் எழுந்தது. பிறகு சுட்டியைப் பிடித்து, புகைப்படக்காரருக்காகச் சற்றுப் பொறுத்து, உள்ளங்கையளவு பொத்தானை அழுத்தினார்.

கூடத்தில் எண்ணூற்றுச் சொச்சம் கைபேசிகள் ஒரே நேரத்தில் கிணுகிணுத்தன.

பொத்தான் தன் கைபேசியைப் பார்த்தாள். ‘உங்கள் விண்ணப்பம் தனிப் பரிசீலனையில் உள்ளது.’ பக்கத்திலிருந்த தட்டச்சரின் கைபேசியை எட்டிப் பார்த்தாள். ‘வியாழன், முழு நாள் விடுப்பு. ஒப்புதல் அளித்தவர்: இயக்குநர்.’ அவள் ஓடிப்போய்க் குறிப்பின் தோளைத் தொட்டாள்.

“சார், எல்லாருக்கும் விடுப்பு போயிடுச்சு! எண்ணூத்திப் பதினோரு பேருக்கும்!”

“உஷ், நன்றியுரை நடக்குது” என்றார் அவர். எழுதிக்கொள்ளக்கூட இல்லை.

நான்கு மாதமாக விடுப்பைக் கண்ணால் பார்க்காத எண்ணூற்றுப் பதினோரு பேர். அவர்களில் ஒருவராவது எழுந்து “இது ஏதோ தவறு போலிருக்கிறதே” என்று கேட்பார் என எதிர்பார்ப்பது நியாயமில்லை. ஒருவரும் கேட்கவில்லை. நன்றியுரைக்கு அன்று கிடைத்த கைதட்டல் அந்தக் கூடம் இதுவரை கேட்டிராதது. இயக்குநர் இரண்டு முறை எழுந்து கும்பிட்டார். மாலையில் அவருக்கும் விஷயம் தெரிந்தது. அவருடைய கைபேசியிலும் அதே செய்தி, ஒப்புதல் அளித்தவர் பெயரோடு வந்திருந்தது. அவர் யாரிடமும் எதுவும் சொல்லவில்லை.

புதன்கிழமை தம்பி போன் செய்தான்.

“அக்கா, லீவு கிடைச்சுதா?”

“ஆபீஸ்ல எல்லாருக்கும் கிடைச்சிடுச்சுடா. எனக்குத்தான் இல்ல.”

“பரவாயில்லக்கா. என்கூட வண்டி ஓட்டறவரைக் கையெழுத்துப் போடச் சொல்லிக்கறேன். நீ கஷ்டப்படாத. வேலைக்கு எதுவும் ஆயிடப் போகுது.”

அவன் அப்படி விட்டுக்கொடுத்துப் பேசியதுதான் அவளைச் சுட்டது. சின்ன வயதில் கடைசித் துண்டு ரொட்டிக்கு அவள் முடியைப் பிடித்து இழுத்தவன். இப்போது பரவாயில்லை என்கிறான்.

“வாயை மூடு. பத்தரைக்கு அங்க இருப்பேன்” என்று சொல்லி வைத்தாள்.

வியாழக்கிழமை போனாள். அனுமதி இல்லாமல்தான் போனாள். பேருந்தில் போகும்போது கைபேசியை எடுத்து எடுத்து, ‘தனிப் பரிசீலனையில் உள்ளது’ என்பதையே பார்த்துக்கொண்டாள். பதிவு அலுவலகம் ஒரு சின்ன அறை. சுவரில் ஈரம், மின்விசிறி ஒரு பக்கமாகச் சாய்ந்து சுற்றியது. தம்பி புதுச் சட்டையின் மடிப்பு கலையாமல் விறைப்பாக நின்றான். அந்தப் பெண் அவளைப் பார்த்ததும் என்ன சொல்வதென்று தெரியாமல், “சாப்பிட்டீங்களா அண்ணி?” என்றாள். அதைக் கேட்டதும் அவள் கைபேசியை அணைத்துப் பைக்குள் போட்டாள்.

எழுத்தர் ஒரு காகிதத்தைத் தள்ளினார். “சாட்சியா? பேர் எழுதுங்க. என்ன உறவு?”

“அக்கா.”

“அதையும் எழுதுங்க. கீழ கையெழுத்து.”

அவள் காகிதத்தைத் திருப்பிப் பார்த்தாள். பின்னால் ஒன்றுமில்லை. “இவ்வளவுதானா?”

“வேற என்ன வேணும் உங்களுக்கு?” என்றார் எழுத்தர், சற்று எரிச்சலாக.

கையெழுத்துப் போட்டாள். அந்தப் பெண் அழுதாள். தம்பி அழவில்லை என்று காட்டுவதற்காக ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். மூவரும் வெளியே வந்து வெயிலில் நின்று ஆளுக்கொரு ஐஸ்கிரீம் சாப்பிட்டார்கள். அதுதான் விருந்து.

வெள்ளிக்கிழமை காலை இயக்குநர் அறைக்குக் கூப்பிட்டார்கள். சீட்டுக் கிழிந்தது என்று நினைத்தபடி போனாள். உள்ளே குழுவின் மூன்று பேரும் இருந்தார்கள். இயக்குநர் எழுந்து நின்றார். அவர் எழுந்து நின்று அவள் பார்த்ததில்லை.

“உட்காருங்கம்மா. நேத்து இந்த அலுவலகத்துல விடுப்புல இல்லாத ஒரே ஆள் நீங்கதான்.”

“சார், அது வந்து...”

“எண்ணூத்திப் பதினோரு பேர் ஓய்வெடுத்தப்ப ஏழு மாடியையும் ஒரு பெண் தனியாத் தாங்கி நின்னிருக்காங்க. நேத்து ஒரு புகார் இல்ல. ஒரு கோப்பு தேங்கல. துறையோட வரலாற்றுலயே தேக்கம் இல்லாத நாள் அது. மேலிடத்துல இருந்து கேட்டாங்க, எப்படி இது முடிஞ்சுதுன்னு. திட்டமிட்ட சோதனைன்னு சொல்லியிருக்கேன்.”

“சார், நான் நேத்து வரல. தம்பி கல்யாணத்துக்குப் போயிருந்தேன்.”

மூவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். இயக்குநர் கனிவாகச் சிரித்தார்.

“அது பதிவுல இல்லையேம்மா. வந்தேன், வரலன்னு மனுஷங்க ஆயிரம் சொல்வாங்க. பதிவு என்ன சொல்லுதோ அதுதான் நடந்தது. நீங்க வரலன்னு வச்சுக்கிட்டா, ஏன் வரலன்னு விசாரணை வரும். மத்தவங்க ஏன் வரலன்னும் கேப்பாங்க. பொத்தானை யார் அழுத்தினதுன்னும் கேப்பாங்க. புகைப்படம் வேற நம்ம இதழ் அட்டையில வந்திருச்சு.”

“தவிர, தம்பி திருமணம் பட்டியல்லயே இல்ல” என்றார் சட்ட ஆலோசகர். “சட்டப்படி நீங்க அங்க இருந்திருக்க முடியாது.”

திங்கட்கிழமை பாராட்டு விழா வைத்தார்கள். படிவக் குழுக் கூட்டத்தைத் தள்ளிவைத்து நடத்திய விழா. அதே கூடம், அதே புகைப்படக்காரர். எண்ணூற்றுப் பதினோரு பேரும் உட்கார்ந்திருந்தார்கள். எல்லோர் முகத்திலும் ஒருநாள் ஓய்வின் தெளிச்சி. தட்டச்சர் பேத்தி பிறந்த செய்தியை முன்வரிசை முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தார். பொத்தானுக்குச் சட்டம் போட்ட சான்றிதழ் ஒன்று கொடுத்தார்கள். ‘தனியொருவராகக் கடமை காத்தவர்’ என்று அதில் எழுதியிருந்தது. எழுத்தின் உயரம் இரண்டு அங்குலம்.

“அன்னிக்கு நடந்ததைப் பத்தி ரெண்டு வார்த்தை பேசுங்க” என்று ஒலிவாங்கியைக் கையில் கொடுத்துவிட்டார் குறிப்பு.

அவள் கூட்டத்தைப் பார்த்தாள். பொய் சொல்லத் தெரியாது. உண்மையைச் சொன்னால் பதிவில் ஏறாது. தொண்டையைச் செருமிக்கொண்டாள்.

“வியாழக்கிழமை காலையில பத்தரைக்கே போயிட்டேன். என் கையெழுத்து ஒண்ணு வேணும்னாங்க. சரியா பதினொரு மணிக்குப் போட்டேன். நான் போகலன்னா அந்த வேலை எனக்காகக் காத்திருந்திருக்காது. வேற யாராவது வந்து முடிச்சிருப்பாங்க. ஆனா நான்தான் போயிருக்கணும். போனேன். ரெண்டு பேர் ரொம்ப சந்தோஷப்பட்டாங்க. இத்தனை வருஷ சர்வீஸ்ல எனக்கு மனசு நிறைஞ்ச நாள் அதுதான்.”

கூடம் அதிர்ந்தது. சட்ட ஆலோசகர் நெற்றியிலிருந்த கண்ணாடியை மறந்து வெறுங்கண்ணைத் துடைத்துக்கொண்டார். குறிப்பு ஒரு வார்த்தை விடாமல் எழுதினார். இயக்குநர் கைதட்டிக்கொண்டே அவள் பக்கம் சாய்ந்தார்.

“அருமையாப் பேசினீங்கம்மா. அந்த ரெண்டு பேருக்கும் ஒரு பாராட்டுக் கடிதம் அனுப்பணும். எந்தப் பிரிவு?”

“பிரிவு இல்ல சார்” என்றாள் அவள். “சேர்ந்துட்டாங்க.”